ஜப்பானிய நடிகை செட்சுகோ ஹாராவை முதலில் எந்தப் படத்தில் பார்த்தீர்கள்?

ஹாரா என்றாலே எல்லோரும் அவர் சிரிப்பைத்தான் சொல்வார்கள். என்னைப் பிடித்து உட்கார வைத்தது அந்தச் சிரிப்பு காணாமல் போகும் இடம்.

இயக்குநர் யசுஜிரோ ஓசுவின் 'லேட் ஸ்பிரிங்' (1949). அப்பாவும் மகளாக வரும் ஹாராவும் நோ என்ற ஜப்பானிய மரபு நாடகம் பார்க்க உட்கார்ந்திருக்கிறார்கள். சற்றுத் தள்ளி இருக்கும் ஒரு விதவைக்கு அப்பா தலைதாழ்த்தி வணக்கம் சொல்ல, மகளும் சொல்கிறாள். பிறகு அப்பாவை ஒரு பார்வை, அந்த அம்மாவை ஒரு பார்வை. மேடையில் பாட்டு ஓடிக்கொண்டே இருக்கிறது. இவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாக வாடி, தலை கவிழ்கிறது. வசனமே கிடையாது. அப்பா மறுமணம் செய்துகொள்வாரோ என்ற எண்ணம் அவளைக் குடைவது நமக்குத் தெரிந்துவிடுகிறது.

ஹாரா யோகோஹாமாவில் 1920-ல் பிறந்தவர். 1935-லேயே சினிமாவுக்கு வந்துவிட்டார். ஓசு படங்களோடு நிறுத்திக்கொள்பவர்கள் அகிரா குரோசவாவின் 'நோ ரெக்ரெட்ஸ் ஃபார் அவர் யூத்' (1946) அவசியம் பாருங்கள். பேராசிரியர் வீட்டுச் செல்லப் பெண், கணவனை இழந்தபின் அவன் கிராமத்துக்குப் போய், ஊரே ஒற்றன் குடும்பம் என்று ஒதுக்கிய மாமியாரோடு சேற்றில் இறங்கி நாற்று நடுகிறாள். அதே நடிகையா என்று இருக்கும்.

* * *

நான் 'டோக்கியோ ஸ்டோரி'யை (1953) என் மாமியாரோடு பார்த்தேன். பெற்ற பிள்ளைகளுக்கு நேரமில்லை. போரில் இறந்துபோன மகனின் மனைவி நோரிகோதான் (ஹாரா) லீவு போட்டு, மாமனார் மாமியாரைப் பஸ்ஸில் ஊர் சுற்றிக் காட்டுகிறாள். பக்கத்து வீட்டில் சாக்கே என்ற அரிசி மது இரவல் வாங்கி உபசரிக்கிறாள். கடைசியில் மாமனார் அவளைப் புகழும்போது, "நான் அப்படியொன்றும் நல்லவள் இல்லை, அவரை நினைக்காத நாட்களும் உண்டு" என்கிற மாதிரி சொல்லி, முகத்தைப் பொத்திக்கொண்டு அழுகிறாள். என் மாமியாரும் சின்ன வயதிலேயே கணவரை இழந்தவர். "நாள் பூரா நெனச்சுக்கிட்டே இருக்க முடியுமா? உண்மையைச் சொல்லுது பாரு அந்தப் பொண்ணு" என்றார். அதுவரை இப்படி ஒரு பேச்சை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை.

* * *

அக்கா, உங்கள் மாமியார் சொன்னதை வாசித்துவிட்டு அந்தக் காட்சியைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். நன்றி.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு மனசு ஆறவில்லை. 1962-ல் 'சூஷிங்குரா'தான் ஹாராவின் கடைசிப் படம். புகழின் உச்சியிலேயே விலகி, காமகுரா என்ற ஊரில் ஒதுங்கி வாழ்ந்தார். பேட்டி கிடையாது, போட்டோ கிடையாது. 2015 செப்டம்பரில் 95 வயதில் இறந்த செய்தியே நவம்பரில்தான் வெளியே தெரிந்தது. 1963-ல் ஓசு இறந்ததால்தான், அவர்மேல் இருந்த காதலால்தான் என்று இன்றும் கதை கட்டுகிறார்கள். நடிப்பு எனக்குப் பிடித்த வேலை இல்லை, குடும்பத்துக்காகச் செய்தேன் என்று ஹாராவே சொல்லியிருக்கிறார். அதை நம்பினால் என்ன? ஒரு பெண் வேலையை விட்டால் பின்னால் ஒரு ஆண் இருந்தே ஆக வேண்டுமா?

'டோக்கியோ ட்வைலைட்' (1957) பார்த்தவர்கள் எழுதுங்கள். ஊரை விட்டுப் போகும் அம்மா ரயில் ஜன்னல் வழியாகத் தேடிக்கொண்டே இருக்க, மகளாக வரும் ஹாரா வழியனுப்ப வருவதில்லை. அந்தப் பிடிவாதம் சரிதானா என்று எங்கள் வீட்டில் இன்னும் சண்டை ஓய்ந்தபாடில்லை.