பத்து வருஷம் ஓடுற மாதிரி ஒரு பிசி: இப்பவே போடலாமா, பொறுக்கலாமா?

பழையபெட்டி:
வணக்கம் மக்களே, 2014ல போட்ட ஐ7 4790கே ப்ராசஸர், 16 ஜிபி டிடிஆர்3 ரேம், அப்புறமா சேர்த்த ஜிடிஎக்ஸ் 1060 கிராஃபிக்ஸ் கார்டு, இன்னும் ஓடுது, ஆனா வீடியோ எடிட் பண்ண உக்காந்தா டைம்லைனை லேசா இழுத்தாலே ஃபேன் இரைய ஆரம்பிக்குது, படம் நின்னு நின்னு வருது. விண்டோஸ் 10 சப்போர்ட்டும் 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சுது, விண்டோஸ் 11 லிஸ்ட்ல இந்த ப்ராசஸரே இல்ல. நல்லதா ஒண்ணு போட்டுட்டா பத்து வருஷம் கவலை இருக்கக்கூடாது. அடுத்த மாடல் வருது வருதுன்னு மூணு வருஷமா தள்ளிப்போட்டாச்சு, என்ன பண்றது?

இரும்புக்கை:
வேலையே நிக்குதுன்னா இனி பொறுக்காதீங்க நண்பா. மாடலை விடுங்க, சாக்கெட்டைப் பாருங்க, அதான் மதர்போர்டுல ப்ராசஸர் உக்கார்ற இடம். நான் 2017ல எக்ஸ்370 போர்டு, ஏஎம்டியோட ரைசன் 1700 ப்ராசஸர் போட்டேன், 2022ல அதே போர்டுல 5800எக்ஸ்3டி மாத்தினேன், ரேம், எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) எதையும் தொடல. பழைய ப்ராசஸர் உள்ள இருக்கும்போதே போர்டோட அடிப்படை சாஃப்ட்வேரான பயாஸை அப்டேட் பண்ணிக்கிட்டேன், அதை மறந்து கழட்டியிருந்தா போர்டுக்குப் புதுசை அடையாளமே தெரிஞ்சிருக்காது. இப்ப ஏஎம்5 சாக்கெட்டுக்கு 2027 வரைக்கும், அதுக்கு மேலயும் சப்போர்ட்னு ஏஎம்டி சொல்லியிருக்கு. அதனால உச்சபட்ச ப்ராசஸர் இப்ப வேணாம், நடுத்தரமா ஒண்ணு போட்டுட்டு, காசை போர்டுலயும் பத்து வருஷ வாரண்டி உள்ள எஸ்எம்பிஎஸ்லயும் போடுங்க, அந்த சாக்கெட்டோட கடைசி ப்ராசஸர் வரும்போது மாத்திக்கலாம்.

நாலாவதுஸ்லாட்:
அண்ணன் சொல்றது சரிதான், ஆனா ரேமை யோசிங்க. ஏஐ டேட்டா சென்டர்களுக்கே மெமரி சிப் போறதால 2025 கடைசியில ஏஎம்5க்கு வேண்டிய டிடிஆர்5 ரேம் விலை எகிறிடுச்சு. அதுக்காக இப்ப ரெண்டு ரேம் ஸ்டிக் வாங்கிட்டு பின்னாடி ரெண்டு சேர்த்துக்கலாம்னு நினைக்காதீங்க. ஏஎம்5ல போடுற ரைசன் 9000 ப்ராசஸர்களுக்கு ரெண்டு ஸ்டிக்னா ரேம் வேகம் 5600, நாலு ஸ்டிக்னா 3600, அதிகாரபூர்வ வேகமே அவ்வளவுதான். வேணுங்கிற அளவை ரெண்டு ஸ்டிக்லயே முடிச்சிடுங்க. எடிட் பண்ணும்போது டாஸ்க் மேனேஜர்ல மெமரி எவ்வளவு காட்டுது?

பழையபெட்டி:
15.6 ஜிபி, அதுக்கு மேல ஏறவே இடமில்ல. ப்ராசஸரும் 100 சதவீதத்துல நிக்குது.

நாலாவதுஸ்லாட்:
அப்ப ரெண்டு 32 ஜிபி ஸ்டிக், மொத்தம் 64. 1060ஐ அப்படியே புது போர்டுல சொருகுங்க, ஓடும், கிராஃபிக்ஸ் கார்டு தான் எப்ப வேணா மாத்தக்கூடியது.

இரும்புக்கை:
இன்னொண்ணு, முதல் தடவை ஆன் பண்ணும்போது சில நிமிஷம் ஸ்க்ரீன்ல ஒண்ணுமே வராது, போர்டு டிடிஆர்5 ரேமுக்குத் தோதா தன்னை செட் பண்ணிக்கிற மெமரி ட்ரெய்னிங் நடக்கும், செத்துடுச்சுன்னு பயந்து பவர் பட்டனை அழுத்திடாதீங்க.