சிறையிருப்பும் திரும்புதலும்: நாலு வாரப் பாடத்தில் எதை எடுப்பது?

சுருளோலை:
வாலிபர் வேதபாடத்துக்கு நாலு வாரம் இருக்கிறது, வாரம் ஒரு மணி நேரம். யூதா ஜனங்கள் பாபிலோனுக்குச் சிறைபட்டுப் போனதையும் எருசலேமுக்குத் திரும்பியதையும் வைத்து விசுவாசத்தைப் பற்றிப் பேச வேண்டும். மூன்று இடத்தில் சிக்கல். 70 வருஷத்தை எங்கிருந்து எண்ணுவது? எஸ்றா 4-ல் ராஜாக்களின் வரிசை ஏன் முன்பின்னாக வருகிறது? எரேமியா 29:11-ஐ எப்படிச் சொல்லிக்கொடுப்பது? எல்லாரும் அதை வாக்குத்தத்த அட்டையில் பார்த்தே பழகியவர்கள்.

கேபார்க்கரை:
கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குங்கள், சகோ. எரேமியா 29-ஆம் அதிகாரத்தைத் திறக்குமுன் 28-ஐ முழுவதும் வாசிக்க வையுங்கள். இரண்டே வருஷத்தில் ஆலயப் பணிமுட்டுகளும் ராஜா யோயாக்கீனும் திரும்பி வந்துவிடுவார்கள் என்கிறான் கள்ளத் தீர்க்கதரிசி அனனியா. எரேமியாவும் முதலில் "ஆமென்" என்றுதான் சொல்கிறார். அவருக்கும் அதுதானே ஆசை! ஆனால் அவர் எழுதி அனுப்பிய கடிதத்தில் இருப்பது 70 வருஷம்.

அந்தக் கடிதம் கி.மு. 597-ல் பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு. அதைக் கேட்டபோது 30 வயதாக இருந்தவர் எருசலேமை மறுபடி பார்க்கப்போவதில்லை, பார்ப்பது பேரப்பிள்ளைகள். அவரிடம்தான் கர்த்தர் வீடு கட்டு, தோட்டம் போடு, பிள்ளைகளுக்குக் கலியாணம் பண்ணிவை, உன்னைச் சிறைபிடித்த அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபம்பண்ணு என்கிறார். அதற்குப் பிறகு 11-ல் வருகிறது "சமாதானத்துக்கேதுவான நினைவுகள்". 5 முதல் 7 வரையுள்ள வசனங்களை விட்டுவிட்டு 11-ஐ மட்டும் சொன்னால், அனனியாவின் செய்தியை எரேமியாவின் வாயில் வைத்தது போல ஆகிவிடும்.

70-க்கு ஒரே கணக்கைப் பிடித்துச் சண்டை போட வேண்டாம். முதல் சிறையிருப்பான 605-லிருந்து எண்ணினால், ஜனங்கள் திரும்பிய 538-536 வரை ஏறக்குறைய 70 வருகிறது. ஆலயம் இடிந்த 586-லிருந்து, மறுபடி கட்டிமுடித்த 516 வரை 70. எரேமியா 25:11 "பாபிலோன் ராஜாவைச் சேவிப்பார்கள்" என்று சொல்வதால், அசீரியா அடியோடு விழுந்த 609-லிருந்து பாபிலோன் விழுந்த 539 வரை எண்ணுகிறவர்களும் உண்டு. மூன்றையும் பலகையில் எழுதிப் போடுங்கள், பத்து நிமிஷம் போதும்.

மதில்மேல்:
எஸ்றா 4-ல் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள், அங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். 4:5 பெர்சிய ராஜாக்களான கோரேசு முதல் தரியு வரையுள்ள காலம். 6-ஆம் வசனம் அகாஸ்வேரு. 7 முதல் 23 வரை அர்தசஷ்டா. இவர்கள் இருவரும் தரியுவுக்குப் பின் வந்தவர்கள். அங்கே கடிதத்தில் வரும் புகாரும் மதிலைப் பற்றியது, ஆலயத்தைப் பற்றியதல்ல. எழுதியவர் எதிர்ப்புகளையெல்லாம் ஒரே இடத்தில் சேர்த்துவிட்டு, 24-ல் விட்ட இடத்துக்கு வருகிறார். 4:5-ஐயும் 4:24-ஐயும் பென்சிலால் இணைத்துக் கோடு போடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஆலய வேலையை நிறுத்தியது அர்தசஷ்டா என்று பிள்ளைகள் மனதில் பதிந்துவிடும்.

அஸ்திபாரம் போட்டபின் ஏறக்குறைய 16 வருஷம் வேலை நின்றது. சத்துருக்கள் தடுத்தது உண்மை. ஆனால் ஆகாய் தீர்க்கதரிசி அவர்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மச்சுப்பாவப்பட்ட (பலகை பதித்த) உங்கள் வீடுகளைப் பாருங்கள் என்கிறார். ஆறாம் மாதம் முதல் தேதி அவர் பேசினார், 24-ஆம் தேதி வேலை தொடங்கிவிட்டது. அந்தப் பகுதியின் தேசாதிபதி தத்னாய் வந்து "யார் உத்தரவு கொடுத்தது?" என்று கேட்டபோது அவர்கள் கையில் காட்ட ஓலை இல்லை. கோரேசின் உத்தரவு பிறகு மேதிய நாட்டு அக்மேதாவில் அகப்பட்டது. அதுவரை வேலையை நிறுத்தவில்லை. எனக்கு இந்தப் பகுதியிலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான்.

ஆகாவா:
மூன்றாம் வாரத்துக்கு எஸ்றா 8:22-ஐயும் நெகேமியா 2:9-ஐயும் பக்கத்தில் வையுங்கள். எருசலேமுக்குப் புறப்பட்ட எஸ்றா, ராஜாவிடம் வழிக்காவலுக்குச் சேவகரைக் கேட்க வெட்கப்பட்டு உபவாசம் இருந்தார். நெகேமியா இராணுவச் சேர்வைக்காரரோடும் குதிரைவீரரோடும் வந்தார். யாருக்கு விசுவாசம் அதிகம் என்ற விவாதத்தை வளரவிடாதீர்கள், வேதமே அப்படி ஒப்பிடவில்லை.

உபவாசம் இருந்த எஸ்றாவே 650 தாலந்து வெள்ளியையும் 100 தாலந்து பொன்னையும் நிறுத்து 12 ஆசாரியர் பொறுப்பில் கொடுத்தார். எருசலேமில் நாலாம் நாள் மறுபடி நிறுத்து, எடையை எழுதி வைத்தார்கள். ஜெபம்பண்ணியாயிற்றே, தராசு எதற்கு என்று அவர் நினைக்கவில்லை.

சுருளோலை:
நன்றி. அப்படியானால் நெகேமியா எருசலேம் மதிலை 52 நாளில் கட்டிமுடித்ததோடு நாலாம் வாரத்தை முடித்துவிடலாமா?

கேபார்க்கரை:
வேண்டாம், சகோ. அது நெகேமியா 6. இன்னும் ஏழு அதிகாரம் இருக்கிறது. 9:36-ல் தங்கள் சொந்த தேசத்தில் நின்றுகொண்டே "நாங்கள் அடிமைகள்" என்று ஜெபிக்கிறார்கள். 13-ல், மதில் வேலையை எதிர்த்த தொபியாவுக்கு ஆலயத்துக்குள்ளேயே அறை கிடைத்திருக்கிறது, ஆலய ஊழியரான லேவியர் தங்கள் பங்கு கிடைக்காமல் வயலுக்கு ஓடிப்போயிருக்கிறார்கள், ஓய்வுநாளில் சந்தை நடக்கிறது. கடைசி வாரம் முழுவதையும் அந்த 13-க்கே கொடுங்கள்.