மறு: ‘பிளேஸ் செட்டிங்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

பெரம்பூரிலிருந்து:

குழுமத்தாருக்கு வணக்கம்.

டிஷ்வாஷர் கையேட்டுக்கு நாம் போடும் தமிழ்ச் சொற்பட்டியலில், மெஷினின் கொள்ளளவைச் சொல்லும் ‘பிளேஸ் செட்டிங்’கை எப்படி எழுதுவது என்ற இந்த இழையை முழுதும் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். நான் மொழி படித்தவன் இல்லை. பெரம்பூர், வியாசர்பாடி, கொளத்தூர், தண்டையார்பேட்டைப் பக்கம் வாஷிங் மெஷினும் டிஷ்வாஷரும் பழுது பார்ப்பவன். ஆகவே என் கட்சி ஒன்றுதான். நாம் போடும் சொல்லைப் படித்து யாரும் தப்பான மெஷினை வாங்கிவிடக் கூடாது, வாங்கிய மெஷினில் தப்பான பொருளைக் கொட்டிவிடவும் கூடாது.

மெஷினின் பெயரை மறுபடி கிளற வேண்டாம், பாத்திரங்கழுவி போதும். ‘தேய்ப்பி’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அது எதையும் தேய்ப்பதில்லை. அடியில் பிடித்து வைத்த கொஞ்சம் தண்ணீரைச் சூடாக்கி, வடிகட்டி, அதையே திரும்பத் திரும்ப வீசி அடிக்கிறது. அதனால்தான் ஒரு முழு ஓட்டத்துக்குச் சுமார் 10 லிட்டரில் வேலை முடிகிறது. ‘விளக்கி’ நல்ல சொல்தான். எங்கள் தெருவில் இன்றும் பாத்திரம் ‘வெளக்குவது’தான் வழக்கம், விளக்குமாற்றில் இருப்பதும் அந்த விளக்குதான். ஆனால் கையேட்டில் ‘விளக்கி’ என்று பார்த்தால் ஏதோ விளக்கிச் சொல்லப் போகிறார்கள் என்று நினைப்பார்கள். விடுங்கள்.

மெஷினுக்குள் சுற்றித் தண்ணீரை வீசும் ஸ்ப்ரே ஆர்முக்கு ‘பீச்சுக்கை’ என்று வந்திருக்கிறது. சென்னைக்காரர் யாரிடமாவது கொடுத்துச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். பீச்சாங்கை நினைவுக்கு வராவிட்டால் கேளுங்கள். சோற்றுத் தட்டை அந்தக் கையால் கழுவும் மெஷினை யார் வாங்குவார்? ‘சுழல்கை’ போடலாம். அது சுற்றுவதற்கு மோட்டார் எதுவும் கிடையாது, ஓட்டை வழியாகச் சாய்வாகப் பீறிடும் தண்ணீரே அதைத் தள்ளிச் சுற்றுகிறது. ஓட்டை அடைபட்டால் சுற்றும் வேகமும் போச்சு, மேல் தட்டில் இருப்பதெல்லாம் பிசுக்கோடு வெளியே வரும். ‘மெஷின் சரியில்லை’ என்று கூப்பிடும் வீட்டில் நான் முதலில் கழற்றுவது இதைத்தான். செய்தித்தாளை விரித்து அதன் மேல் குலுக்கினால் கடுகு கொட்டும். சில வீட்டில் கறிவேப்பிலை நரம்பும் வரும். வடிகட்டியைத் திருகிப் பூட்டாமல் சும்மா உட்கார வைத்திருப்பார்கள், தாளித்தது அத்தனையும் சந்து வழியாக உள்ளே போயிருக்கும்.

இனி தலைப்புக்கு வருகிறேன். ‘பிளேஸ் செட்டிங்’குக்கு வந்த ‘உணவுமேசை அமைவு’ வேண்டவே வேண்டாம். வியாசர்பாடியில் எத்தனை வீட்டில் சாப்பாட்டு மேசை இருக்கிறது? மேசையே இருந்தாலும் அதன் மேல் அயர்ன் பாக்ஸும் பிள்ளைகளின் புத்தகமும்தான் இருக்கும். அதைவிடப் பெரிய சிக்கல், மெஷினின் கொள்ளளவாகப் போடும் 12 என்ற எண்ணை எல்லோரும் 12 பேர் என்று படிப்பது. ‘வீட்டில் நாலு பேர்தான், எதுக்குப்பா 12, சின்னதா 8 போதாதா’ என்று கேட்காதவர் இல்லை.

அந்த 12 ஐரோப்பியக் கணக்கு. ஒரு ஆளுக்கு சூப் தட்டு, பெரிய தட்டு, இனிப்புத் தட்டு, கப், சாசர், கண்ணாடி டம்ளர், ஒரு கத்தி, ஒரு முள்கரண்டி, மூன்று விதமான ஸ்பூன் என்று 11 உருப்படி. பாதிக்குப் பாதி ஸ்பூன் வகையறா. அதில் குக்கரும் இல்லை, கடாயும் இல்லை, இட்லிப் பானையும் இல்லை. நம் வீட்டில் தட்டு நாலு என்றால் சமைத்த பாத்திரம் ஏழு எட்டு. கீழ்த் தட்டில் ஒரு 5 லிட்டர் குக்கரும் ஒரு கடாயும் வைத்தாலே பாதி இடம் போய்விடும். நான் பார்த்த வரையில் நாலு பேர் வீட்டில் காலை டிபன், மதியச் சாப்பாடு, ராத்திரி மிச்சம் எல்லாம் சேர்ந்தால் 12 மெஷின் ஒரு நாளைக்கு ஒரு தடவை நிறைகிறது. 8-ல் பெரிய குக்கர் நிமிர்ந்து உட்காரவே உட்காராது.

இதனால்தான் ராயபுரத்து அக்கா சொன்ன ‘இலை’ எனக்கு நெருடுகிறது. காதுக்கு அழகாக இருக்கிறது, ஆனால் ‘12 இலை’ என்றால் 12 பேர் சாப்பாடு என்றுதானே யாருக்கும் தோன்றும்? என் ஓட்டு ‘செட்’டுக்கு. பாத்திரக் கடையில் டின்னர் செட் என்று கேட்டுப் பழகிய ஜனங்கள். அகராதிக்குத் தூய தமிழ் வேண்டுமென்றால் ‘கலத்தொகுதி’ என்று எழுதிக்கொள்ளுங்கள்.

கடைசியாக, தண்ணீரை மென்மையாக்க மெஷினில் போடும் உப்பு. பட்டியலில் வெறும் ‘உப்பு’ என்று இருக்கிறது, அது ஆபத்து. திருவொற்றியூரில் ஒரு வீட்டில் உப்பு அறையின் மூடியைத் திறந்து காட்டியதும் அந்த அம்மா, ‘போர்ல வர்றதே உப்புத் தண்ணி, அதுல இன்னும் உப்பைப் போடணுமா?’ என்று கேட்டார். சரியான கேள்விதான், நம் கையேட்டில் அதற்குப் பதில் இல்லை. இன்னொரு வீட்டில் அறை நிறையக் கல்லுப்பு. அந்த உப்புக்கென்று தனிப் பெயர் வேண்டும். ‘மெஷின் உப்பு’ போதுமா, வேறு ஏதாவது வேண்டுமா என்று வேதியியல் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

ராயபுரத்திலிருந்து:

தம்பிக்கு,

நீ மெஷின் கண்டாய், நான் பந்தி கண்டேன். எங்கள் வீட்டில் வாடகைப் பாத்திரக் கடை வைத்திருந்தோம், இலைக் கணக்கு கேட்டுத்தான் நான் வளர்ந்தேன்.

இலை என்பது ஆள் இல்லை. ஒருத்தர் முதல் பந்தியிலும் உட்கார்ந்து, பெண் வீட்டார் கூப்பிட்டார்கள் என்று மூன்றாம் பந்தியிலும் உட்கார்ந்தால் அது இரண்டு இலை. மொய் எழுதிவிட்டுச் சாப்பிடாமல் கிளம்பியவருக்கு இலையே இல்லை. சமையல்காரர் இலைக்கு இத்தனை ரூபாய் என்று பேசுகிறாரே, அது ஆளுக்கு விலையா? ஒரு இலையில் இன்னின்ன ஐட்டம் விழும் என்று முதலிலேயே பேசி முடித்த கணக்கு அது. உன் வெள்ளைக்காரன் 11 உருப்படியைக் கட்டி ஒன்று என்று எண்ணுவதும் அதே மாதிரிதானே?

சமையல் பாத்திரம் அதில் சேராது என்று நீயே எழுதியிருக்கிறாய். எங்கள் கணக்கிலும் சேராது. 300 இலைக் கல்யாணம் என்று சொல்லிவிட்டால் அண்டா, தவலை, அன்னக்கூடை, ஜாரணி, வாளி எல்லாவற்றுக்கும் வேறு சீட்டு போடுவோம். ‘இலைக்குத்தான் பேசினோம், அண்டா எங்கே’ என்று எந்த மாப்பிள்ளை வீட்டாரும் சண்டைக்கு வந்ததில்லை. இலை வேறு, அடுப்படிச் சாமான் வேறு என்பது அவர்களுக்குத் தெரியும். அதை ‘செட்’ சொல்லுமா? செட் என்றால் டிபன் பாக்ஸும் செட், குடமும் செட், தோசையும் செட்!

இலையைக் கழுவவே தேவையில்லையே என்று யாரோ கிண்டல் செய்திருந்தார்கள். மோட்டாருக்குக் குதிரைத்திறன் என்று எழுதுகிறோம். அதில் குதிரையா கட்டியிருக்கிறது?

சுழல்கைக்கு என் ஓட்டு உண்டு. என் மருமகள் பாத்திரங்கழுவி வாங்கச் சொல்கிறாள், நான்தான் இழுத்துக்கொண்டிருக்கிறேன். ஈயச் சொம்பையும் என் அம்மாவின் கல்சட்டியையும் அதில் போடலாமா என்று அடுத்த மடலில் எழுது. மீன் குழம்பு வைத்த மண்சட்டியையும் சேர்த்துச் சொல்.

திருவொற்றியூரிலிருந்து:

நண்பர்களுக்கு,

உப்புக்கு மட்டும் பதில். இரண்டு வேறு சங்கதிகளை நாம் ‘உப்புத் தண்ணீர்’ என்ற ஒரே பெயரில் அழைக்கிறோம். மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடி நீரை வரம்பில்லாமல் உறிஞ்சியதால் கடல் நீர் உள்ளே புகுந்தது பழைய கதை. அதில் இருப்பது பெரும்பாலும் சாப்பாட்டு உப்பு, நாக்கில் கரிக்கும். கால்சியமும் மக்னீசியமும் கூடினால் அது கடினநீர். அது கரிக்க வேண்டியதில்லை, ஆனால் டம்ளரில் வெள்ளைப் படலம் படிய வைக்கும், ஹீட்டரில் ஓடு கட்டும். பாத்திரங்கழுவிக்குள் இருக்கும் பிசின் (ரெசின்) கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடுகிறது. பிசின் நிறைந்துபோனால் நாம் போட்ட உப்பு கரைந்து அதை மறுபடி வேலைக்குத் தயார் செய்கிறது. அந்த உப்புநீர் அப்படியே வெளியே போய்விடும், அதற்கும் தட்டுக்கும் சம்பந்தம் இல்லை. கரிக்கும் தண்ணீரின் கரிப்பை இந்த மெஷின் எடுக்கவே எடுக்காது. குளோரைடு மிகுந்தால் எவர்சில்வரிலும் புள்ளி விழும்.

இன்னொன்று, டிடிஎஸ் மீட்டரை நம்பிக் கடுமையை முடிவு செய்யாதீர்கள். அது கரைந்திருக்கும் எல்லாவற்றையும் சேர்த்துக் காட்டுவது. கடுமையைத் தனியாகச் சோதிக்க வேண்டும், அதற்குத் தண்ணீரில் நனைத்து நிறம் பார்க்கும் பட்டைச் சோதனையே போதும். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 10500-ல் கடுமை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழி இல்லாவிட்டால் 600 வரை. மெஷின் புத்தகங்களில் கடுமைக்குப் பெரும்பாலும் ஜெர்மன் டிகிரி என்ற அளவு இருக்கும். மில்லிகிராமை 17.8-ஆல் வகுத்தால் அது வரும், ஆக 600 என்பது ஏறக்குறைய 34 டிகிரி.

கல்லுப்பிலேயே மக்னீசியமும் கால்சியமும் மண்ணும் உண்டு. எதை விரட்ட வேண்டுமோ அதையே உள்ளே கொட்டுவதாகும். பொடி உப்பில் அயோடினும் கட்டி தட்டாமல் இருக்கச் சேர்ப்பதும் இருக்கும், நனைந்தால் இறுகியும் போகும். பெயர் என்று கேட்டால் ‘பிசின் உப்பு’ என்பேன், வேலை நடப்பது பிசினில் என்பதால். ‘மென்னீராக்கி உப்பு’ பாடப்புத்தகத்தோடு இருக்கட்டும்.

பெரம்பூரிலிருந்து:

எல்லோருக்கும் நன்றி.

அக்கா, குதிரைக்குப் பதில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. அண்டாவுக்குத் தனிச் சீட்டு என்றீர்களே, அந்த ஒரு வரி போதும், இலைக்கே என் ஓட்டு. ஒரே நிபந்தனை, ‘12 இலை’ என்று தனியாக எங்கேயும் விடக் கூடாது. ‘கொள்ளளவு: 12 இலை, சமையல் பாத்திரம் நீங்கலாக’ என்று ஒவ்வொரு இடத்திலும் முழுதாக எழுத வேண்டும். செட் தோசையை நானும் மறந்துவிட்டேன், சரி.

‘பிசின் உப்பு’ எடுத்துக்கொள்கிறேன். அதன் விளக்கத்தில் இதையும் சேர்க்கலாம்: முதல் தடவை உப்புக்கு முன்னால் அறை நிறையத் தண்ணீர் ஊற்ற வேண்டும். உப்பு போட்ட கையோடு மெஷினை ஓட விட வேண்டும், சிந்திய உப்புநீர் தேங்கினால் உள்ளே துரு பிடிக்கும். சோப்புத்தூளை அந்த அறையில் போட்டுவிட்டால் பிசினே கெட்டுவிடும். அப்புறம் எங்கள் பக்கத்துக் கதை ஒன்று உண்டு. காட்டுப்பள்ளியில் 2010-இல் திறந்த, கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை நாளுக்கு 10 கோடி லிட்டர் தரக்கூடியது. அந்தத் தண்ணீரில் கடுமை குறைவு. ஆனால் பல வீட்டில் காலையில் மெட்ரோ தண்ணீரும் சாயந்தரம் போர் தண்ணீரும் ஒரே சம்ப்பில்தான் விழுகின்றன. இரண்டில் எது மோசமோ அதைப் பார்த்து மெஷினில் கடுமை எண்ணை வையுங்கள்.

அக்கா கேட்ட பாத்திரங்கள். ஈயச் சொம்பை நினைக்கவே வேண்டாம், அது வெள்ளீயம், மென்மையான உலோகம், காரத்திலும் சூட்டிலும் நிறம் செத்துவிடும். கல்சட்டியும் மண்சட்டியும் எண்ணெயும் குழம்பும் குடித்துப் பழகியவை. மெஷினில் போட்டால் பழக்கியதெல்லாம் போய் சோப்பைக் குடிக்கும். இரும்புத் தோசைக்கல் துருப்பிடிக்கும், அலுமினியக் குக்கர் கறுத்துப்போகும், பித்தளை மங்கும். எவர்சில்வர் எதுவானாலும் சரி. டம்ளரைக் கொஞ்சம் சாய்த்துக் கவிழ்க்க வேண்டும், இல்லாவிட்டால் அடிக்குழியில் தண்ணீர் நிற்கும். குக்கர் கேஸ்கட்டையும் குண்டையும் கழற்றிக் கையால் கழுவுங்கள். வஞ்சிரம் சாப்பிட்ட தட்டில் முள்ளைத் தட்டிவிட்டு வையுங்கள். குழாயில் காட்டிக் கழுவிவிட்டு வைக்க வேண்டியதில்லை. ராத்திரி ஓட்டாமல் மூடி வைத்தால் காலையில் காசிமேட்டு மீன் துறைமுகமே வீட்டுக்குள் வந்துவிடும்.

மருமகளிடம் இரண்டு விஷயம் பார்க்கச் சொல்லுங்கள். கீழ்த் தட்டில் நிற்கும் கம்பிகள் மடங்க வேண்டும், மடங்காவிட்டால் கடாய்க்கு இடம் இருக்காது. மேல் தட்டை ஏற்றி இறக்க முடிய வேண்டும். நீங்கள் மேல் மாடி என்றால் தொட்டி எத்தனை உயரத்தில் இருக்கிறது என்றும் பாருங்கள். பல மெஷின்கள் குறைந்தது 0.5 பார் அழுத்தம் கேட்கின்றன, அது சுமார் 5 மீட்டர் உயரம். இல்லையென்றால் சின்ன பம்பு போட வேண்டி வரும்.

அந்தக் கம்பிகளுக்குப் பட்டியலில் இன்னும் சொல் இல்லை. கடைப் பையன்கள் ‘முள்ளு’ என்கிறார்கள். ‘மடக்கு முள்’ என்று போடட்டுமா? ரின்ஸ் எய்டுக்கு ‘அலசல் திரவம்’ என்று எழுதி வைத்திருக்கிறேன். ஆனால் அது அழுக்கை அலசுவதில்லை, தண்ணீர் துளியாக நிற்காமல் வழிந்தோட வைக்கிறது, அவ்வளவுதான். வேறு நல்ல சொல் இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்புங்கள், திங்கள் அன்று பட்டியலை ஏற்றுகிறேன்.