ஒறம்பரை (சொந்தக்காரங்க) வாட்ஸ்அப் குரூப்: 18 பந்துல 61

சித்தி: ஏனுங் எல்லாரும் பாத்தீங்களா, தம்பி இன்னிக்கு டோர்னமெண்ட்ல 18 பந்துல 61 அடிச்சிருக்கறான், அதுல 7 சிக்ஸு. மத்தியானம் சோத்துக்குக்கூட வராம கிரவுண்டுலயே கெடந்தான். ஸ்கோர் நோட்டை போட்டோ எடுத்து போட்டுருக்கறேன் பாருங்க

மச்சான் திருப்பூர்: 🔥🔥🔥 அத்தை, நம்மூட்ல ஒரு கிறிஸ் கெயில் பொறந்துட்டான்!! 7 சிக்ஸுன்னா லேசுல வராதுங்க, கையில பலமும் வேணும் கண்ணும் வேணும். மாப்ள நீ பாத்துட்டு ஏன் பேசாம இருக்கற

நான்: பேசாம இல்ல மச்சான், போட்டோவ பெருசு பண்ணி படிச்சுட்டு இருந்தேன். தம்பி, எந்த கிரவுண்டு?

தம்பி: வாய்க்கா மேட்டு கிரவுண்டுங்ணா

நான்: லெக் சைடு தென்னந்தோப்பு இருக்குமே அதுதான? நாங்க ஆடறப்பவே அக்கட்ட பவுண்டரி நெம்ப கிட்டக்க. நீங்க 8 ஓவர்ல 124, அவங்க 119. ரெண்டு டீமும் வெளுத்துருக்குது. நல்லா ஆடிருக்கற, நெம்ப சந்தோசம் தம்பி, ஆனா கெயிலுன்னு சொல்றதுக்கு முன்னால சித்த யோசிக்கோணும்

மச்சான் திருப்பூர்: பாத்தீங்களா அத்தை, ஆரம்பிச்சுட்டான். பையன் அடிச்சா அடிச்சான்னு சொல்லிட்டு போவோணும், டேப்பு எடுத்துட்டு கிரவுண்டை அளக்கப் போறான்

அம்மணி கோவை: மாமா சொல்றதுலயும் நாயம் இருக்குதுங்க சித்தப்பா. 2024 ஐபிஎல்ல ஈடன் கார்டன்ஸ்ல கொல்கத்தா 261 அடிச்சுது, பஞ்சாப் 18.4 ஓவர்லயே 262 எடுத்து முடிச்சுருச்சு, ஒரே மேட்ச்ல 42 சிக்ஸு. பேர்ஸ்டோ 48 பந்துல 108 நாட் அவுட். எங்க ஹாஸ்டல்ல அந்த மேட்ச ஒட்டுக்கா உக்காந்து பாத்தோம், ஆனா இப்ப கேட்டா சேஸ் பண்ணுனதுதான் எல்லாருக்கும் ஞாபகம் இருக்குது, நூறு அடிச்சது ஆருன்னு பாதிப் பேருக்கு தெரியல

நான்: அதேதான் கண்ணு. அன்னிக்கு சால்ட் 37 பந்துல 75, நரைன் 32 பந்துல 71, பிரப்சிம்ரன் 20 பந்துல 54, சசாங்க் 28 பந்துல 68. பேட்டை எடுத்தவன் பாதிப்பேரு அடிச்சிருக்கறான். ஆனா அதே மேட்ச்ல நரைன் 4 ஓவர் போட்டு 24 ரன்னுதான் குடுத்தாரு, ஒரு விக்கெட்டும் எடுத்தாரு. 523 ரன்னு வந்த பிச்சுல 24! என்னக் கேட்டா அன்னிக்கு பெரிய ஆட்டம் அந்த 4 ஓவர்தான். ஒரு இன்னிங்ஸ் பெருசா இல்லையான்னு பாக்கறதுக்கு நான் வெச்சிருக்கற கணக்கு இதுதான், எத்தனை சிக்ஸுங்கறத அப்பறம் பாக்கலாம், அதே நாளு அதே பிச்சுல மத்தவங்க என்ன பண்ணாங்கன்னு மொதல்ல பாக்கோணும்

மச்சான் திருப்பூர்: அப்ப ஐபிஎல்ல கெயிலு 175 அடிச்சதும் ஒண்ணுமில்லீங்கறயா?? 2013ல பெங்களூர்ல 66 பந்து, 17 சிக்ஸு, 30 பந்துல நூறு. அதுவும் சின்ன கிரவுண்டுதான

நான்: ஐயோ இல்ல மச்சான், என்ர கணக்குப்படி அதுதான் மேல நிக்குது. கிரவுண்டு சின்னதுதான், செரி. ஆனா அன்னிக்கு கூட எறங்குன தில்சான் 36 பந்துல 33. அதே பந்து அதே பவுலருங்க, எதிர்ல நின்ன நல்ல பேட்ஸ்மேனுக்கே ரன்னு வரல. எதிர் டீமு புனே வாரியர்ஸ் 20 ஓவரும் ஆடி 133க்கு 9. மொத்த டீமையும் விட கெயில் ஒருத்தரே 42 ரன்னு சாஸ்தி

மச்சான் திருப்பூர்: டிவில்லியர்ஸ் 8 பந்துல 31 அடிச்சாரே அன்னிக்கு, அத விட்டுட்டயே

நான்: அது உண்மைதான், மறைக்கல. அவரு கடைசில வந்து 8 பந்து, இவரு மொதப் பந்துல இருந்து 66 பந்து. ஆனா நீ சொன்னதும் கணக்குல வரோணும்

பெரியப்பா கோபி: இப்பத்தான் படிச்சேன். மெக்கல்லத்த உட்டுப்போட்டீங்களே. 2008ல ஐபிஎல்லோட மொத மேட்ச், அதும் பெங்களூர் கிரவுண்டுதான், ஒரே ஆளு 158 நாட் அவுட், எதிர் டீமு மொத்தமும் சேந்து 82க்கு ஆல் அவுட். மத்தவங்களோட ஒப்பிட்டுப் பாக்கற அந்த அளவுகோலுக்கு அத விட என்ன வேணும். ஆனா இத்தனையும் சொல்றீங்க, எங்களுக்கெல்லாம் 175ன்னா அது கபில்தேவுதான். 1983 உலகக்கோப்பை, ஜூன் 18, ஜிம்பாப்வேக்கு எதிரா, இந்தியா 17க்கு 5 விக்கெட்டு. அங்கிருந்து அந்த மனுசன் ஒத்தையா நின்னு 175 நாட் அவுட், டீமு 266. அவருக்கு அடுத்தபடியா அடிச்சது கிர்மானி, 24. அந்த ஆட்டத்துக்கு வீடியோவே கெடையாது, நாங்க பேப்பர்ல படிச்சுட்டு டீக்கடைல ஒவ்வொருத்தனும் ஒவ்வொரு மாதிரி அடிச்சுக் காட்டுவோம். அன்னிக்கு தோத்திருந்தா கப்பு ஏது

மச்சான் திருப்பூர்: மாமா நீங்க சொன்னா மறுபேச்சு இல்லீங்க 🙏 ஆனா இந்தக் காலத்துப் பசங்கள கொறைச்சுப் பேசறது எனக்கு ஆவறதில்ல. மாப்ள, வைபவ் சூர்யவன்சிக்கு என்ன சொல்ற? 2025 ஏப்ரல் 28, ஜெய்ப்பூர், 14 வயசு, 35 பந்துல நூறு. அந்த நாளு ஜெய்ஸ்வாலும் 40 பந்துல 70 அடிச்சாரு, குஜராத் மொதல்ல 209 அடிச்சுது. உன்ர கணக்குப்படி அது சாதாரண ஆட்டமா?

நான்: இல்ல. அங்க என்ர கணக்கு ஓடாது மச்சான், ஒத்துக்கறேன். ரசீத் கான் பந்த சிக்ஸுக்கு அடிச்சு நூறு எடுக்கறான் ஒரு எட்டாவது ஒம்பதாவது படிக்கற வயசுப் பையன். நானே சேர்ல இருந்து எந்திரிச்சு நின்னுட்டேன். பயமில்லாம நிக்கறதே ஒரு ஆட்டந்தான்

அம்மணி கோவை: எங்கூர் ஜெகதீசன மறந்துட்டீங்களே மாமா!! 2022 விஜய் ஹசாரே டோர்னமெண்ட்ல அருணாச்சலுக்கு எதிரா 141 பந்துல 277. தமிழ்நாடு 506. அம்பது ஓவர் ஆட்டம்னாலும் அதுவும் அடிதானுங்க

நான்: கோயமுத்தூர் பையன மறப்பனா கண்ணு. ஆனா அந்த மேட்ச்ல எதிர் டீமு 71க்கு ஆல் அவுட், நம்ம சாய் சுதர்சனும் 154 அடிச்சாரு, மொத விக்கெட்டுக்கே 416. பந்து போட்டவங்க பாவம் பழக்கமில்லாத பசங்க. எனக்கு பெருசாப் பட்டது அதுக்கு முந்தி நடந்தது. ஆந்திரா, சத்தீஸ்கர், கோவா, ஹரியானா வரிசையா நாலு நூறு, அப்பறம் இது அஞ்சாவது. சிஎஸ்கே வெளிய உட்ட அதே மாசம். அந்த அஞ்சையும் சேத்து வெச்சுப் பாத்தாத்தான் அந்தப் பையன் பட்ட பாடு தெரியும்

அம்மணி கோவை: அது செரிங்க மாமா, அப்படி நான் பாக்கல

நான்: இன்னொண்ணு சொல்றேன், நானும் பத்து வருசம் டென்னிஸ் பால்ல பந்து போட்டவன், அதனால எனக்கு இது மனசுல கெடந்து உறுத்துது. இப்ப எல்லா ரூலும் பேட்ஸ்மேன் பக்கம். மொத 6 ஓவர் வட்டத்துக்கு வெளிய ரெண்டே பீல்டருங்க, 2023ல இருந்து ஐபிஎல்ல இம்பேக்ட் பிளேயர்னு நடுவுல மாத்தி எறக்கறதுக்கு ஒரு பேட்ஸ்மேன் சாஸ்தி, அவுட்டாயிருவோம்ங்கற பயமே கொறஞ்சு போச்சு. 2024ல டெல்லில ஹைதராபாத் மொத 6 ஓவர்லயே 125 அடிச்சுது, மொத்தம் 266. டிவி பூராவும் அந்த அடி அடிச்ச ஹெட்டும் அபிசேக்கும்தான். அதே மேட்ச்ல நம்ம சின்னப்பம்பட்டி நடராஜன் 4 ஓவர், 19 ரன்னு, 4 விக்கெட்டு. சேலத்துப் பக்கம் காட்டுல டென்னிஸ் பால்ல காலுக்கடில உழுகற யார்க்கர் போட்டு வந்தவரு. ஆருங்க அதுக்கு ஸ்டேட்டஸ் வெச்சாங்க?

பெரியப்பா கோபி: நானு வெச்சேன்

நான்: 🙏🙏 பெரியப்பா

சித்தி: இத்தனை பழமைல எம் பையன் என்னாச்சுன்னு ஆராவது கேட்டீங்களா. டேய் தம்பி எங்கடா போன

தம்பி: இங்கதாம்மா இருக்கறேன், படிச்சுட்டுத்தான் இருந்தேன்

தம்பி: அண்ணா ஒண்ணு சொல்லோணும். 7 சிக்ஸு, 4 போரு, 3 சிங்கிளு, அது 14 பந்து. மீதி 4 பந்து டாட், ரன்னே இல்ல. அந்த நாலுமே ஒரே ஆளுங்ணா, பவானி டீமுல ஒரு பையன், ஒல்லியா இருப்பான், ரெண்டு ஓவர் போட்டு 9 ரன்னுதான் குடுத்தான். எனக்கு போட்டதெல்லாம் காலுக்கடிலயே வந்து உழுகுது, பேட்டு எறங்கறதுக்குள்ள போயிருது. எல்லாரும் தோள்ல தூக்கி வெச்சுக்கிட்டப்பகூட அந்த நாலு பந்துதான் மனசுல ஓடிட்டு இருந்துது. அடுத்த ஞாயித்துக்கெழமை செமில மறுக்காவும் அவங்க டீமுதான்

மச்சான் திருப்பூர்: அட கண்ணு, இத மொதல்லயே சொல்லிருந்தா நான் இவன்கூட மல்லுக்கு நின்னுருக்கவே மாட்டனே. அந்த நாலு பந்த திருப்பி அடி, அன்னிக்கு உனக்கு பேட்டு என்ர செலவு

தம்பி: அண்ணா நாளைக்கு காத்தால வர்றீங்களா? யார்க்கர் மட்டும் போடுங்க, வேற எதுவும் வேண்டாம்

நான்: 6 மணிக்கு வந்துர்றேன். தோப்புப் பக்கம் வேண்டாம், இஸ்கூல் கிரவுண்டுக்கு வா. கால் வெரல்ல பட்டா வீங்கிரும், ஷூ போட்டுட்டு வா

தம்பி: செரிங்ணா