முகம் தெரியாதவர்களோடு என்ன பேசுவீர்கள்?

காரைக்குடிக்காரி: கவுனி அரிசியை எவ்வளவு நேரம் ஊறவைப்பது என்று இணையத்தில் கேட்டேன். பினாங்கிலிருந்து ஓர் ஆச்சி, "ராத்திரி முழுக்க ஊறட்டும், அந்தத் தண்ணீரிலேயே வேகவையுங்க" என்றார். அப்புறம் பேச்சு அவருடைய அப்பத்தா வீட்டு வளவுக்குப் போய்விட்டது. முற்றத்தில் மழை விழ விழ, அண்டாவில் பிடித்து வைப்பார்களாம். இரண்டு மணி நேரம்! பெயர்கூடக் கேட்கவில்லை. உங்களுக்கு?

தேவகோட்டையான்: தரையில் பதிக்கிற ஆத்தங்குடிக் கல் பற்றி ஒருவர் கேட்டார். கண்ணாடி மேல் சாயம் ஊற்றி, சிமெண்டும் மணலும் போட்டு அழுத்தி, தண்ணீரில் ஊறவைப்பார்கள், சூளையே கிடையாது என்றேன். கடைசியில் தன் மகள் கல்யாணம் வரை பேசினார்.

புதுவயல்: எனக்கு "அங்கே மழையா?" என்று மட்டும்தான் பேச வரும், தங்கச்சி.

காரைக்குடிக்காரி: எனக்கு அதுவும் பிடிக்கும் அண்ணே. இங்கே இப்போதுதான் தூறல் போடுகிறது. அங்கே?