மறு: மறு: கலைச்சொல் வேண்டும் – ‘சாஃப்ட்வேர் ஆஸ் எ சர்வீஸ்’ (வெள்ளிக்கிழமைக்குள்)

வணிகவியல் ஆசிரியர், கோவில்பட்டி:

குழுவினருக்கு வணக்கம். இரண்டாமாண்டு பி.காம். பாடக் குறிப்பை வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குத் தர வேண்டும். ‘சாஃப்ட்வேர் ஆஸ் எ சர்வீஸ்’ என்பதற்கு ‘மென்பொருள் சேவை’ என்று எழுதிவிட்டு வகுப்பில் கேட்டால், “சாஃப்ட்வேர் ரிப்பேர்தானே சார்” என்கிறான் கடைசி பெஞ்ச். பொருள் அவர்களுக்குத் தெரியாததல்ல. ஒரு மாணவியின் அப்பாவுக்கு எண்ணெய் ஆலை. 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்தபோது, கணக்கு மென்பொருளைப் புதுப்பிக்கிற ஆள் பென்டிரைவோடு வந்துசேர நாலு நாள் ஆயிற்றாம். அதுவரை கார்பன் வைத்துக் கையால் பில். இப்போது மாதக் கட்டணம். வரி விகிதம் மாறினால் கம்பெனிக்காரன் தன் இடத்திலேயே மாற்றிவிடுகிறான், காலையில் திறந்தால் புது விகிதம் இருக்கிறது. இதற்கு ஒரு பெயர் சொல்லுங்கள்.

பொறியாளர், பெருங்குடி:

சார், சென்னையில் ‘சாஃப்ட்வேர் சர்வீசஸ்’ என்றால் வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு ஆள் போட்டு எழுதிக் கொடுப்பது. சாஸ் (‘சாஃப்ட்வேர் ஆஸ் எ சர்வீஸ்’ என்பதன் சுருக்கம்) வேறு சாதி: ஒன்றையே ஆக்கி ஆயிரம் பேருக்குச் சந்தாவில் விடுவது. 1999இல் தொடங்கிய சேல்ஸ்ஃபோர்ஸ் என்ற சாஸ் நிறுவனம், ‘சாஃப்ட்வேர்’ என்ற சொல்லையே வட்டத்துக்குள் போட்டுக் குறுக்கே கோடிழுத்து விளம்பரம் செய்தது. 1996இல் அட்வென்ட்நெட் என்று தொடங்கியவர்கள் 2009இல் தம் இணையச் சேவையின் பெயரையே நிறுவனத்துக்கும் வைத்து ஸோஹோ ஆனார்கள். 2010இல் சென்னையில் முளைத்த ஃபிரெஷ்டெஸ்க், ஃபிரெஷ்வொர்க்ஸாகி 2021இல் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச்சந்தையில் ஏறியது. இவர்களையும் ஆள் அனுப்புகிறவர்களையும் ஒரே பெயரால் அழைத்தால் இருவருக்கும் கோபம் வரும். நாங்கள் ஆபீசில் ‘சாஸ்’ என்கிறோம். அதையே வைக்கலாமே?

தமிழாசிரியர் (ஓய்வு), திருவையாறு:

சாஸ் தக்காளியில் செய்வது, தம்பி. முதலில் புணர்ச்சி: மென்பொருள் + சேவை = மென்பொருட்சேவை. மென்பொருளுக்குச் செய்யும் சேவை என்று விரித்தால் பையன் சொன்ன ரிப்பேர். மென்பொருளாகிய சேவை என்று விரித்தால் இருபெயரொட்டுப் பண்புத்தொகை. கேட்ட பொருள் கிடைத்துவிட்டது. தொகையை விரிக்கத் தெரியாதது சொல்லின் குற்றமா? ஆனால் ‘சேவை’ வடசொல். ‘பணி’ இருக்க அது எதற்கு?

மொழிபெயர்ப்பாளர், கோவை:

ஐயா, தேர்வு எழுதுகிற பிள்ளை தொகையை விரித்துக்கொண்டு உட்கார முடியுமா? ‘மென்பொருட்பணி’ என்றால் ஐ.டி. வேலை என்றுதான் புரியும். சேவையிலும் சிக்கல் இல்லாமல் இல்லை. எங்கள் ஊரில் சந்தகை என்பதை என் மாமியார் வீட்டில் சேவை என்கிறார்கள். எலுமிச்சை சேவை, தேங்காய் சேவை, மென்பொருட்சேவை.

நெல்லைக்காரர்:

பெருமாள் சேவை சாதிப்பதை விட்டுவிட்டீர்களே! காசு கொடுத்துக் குடியிருப்பதுதானே இது? ‘வாடகை’யும் வடமொழிப் ‘பாடக’த்திலிருந்து வந்தது என்பார்கள். ‘சந்தா’ பாரசீகம். நம்மிடம் குடிக்கூலி என்ற அருமையான சொல் இருக்கிறது. குடி, குடித்தனம், குடிவாரம் என்று இந்த வேர் ஓடாத இடமில்லை. ‘குடிக்கூலி மென்பொருள்’ என்பதே என் பரிந்துரை. வேர் விளக்கம் தனி மடலில் (நாலு பக்கம்).

பொறியாளர், பெருங்குடி:

அண்ணாச்சி, வேர் நன்றாகத்தான் இருக்கிறது, இலக்குத் தப்புகிறது. அடோபி 2013இல் சந்தாவுக்கு மாறியது. அப்போதும் ஃபோட்டோஷாப் நம் கணினியில்தான் ஏறியது. அது வாடகை, ஆனால் சாஸ் இல்லை. சல்லிக்காசு வாங்காத சாஸும் உண்டு. மென்பொருள் அவன் இடத்தில் ஓடுகிறது, நாம் உலாவியில் (பிரவுசரில்) பார்க்கிறோம் என்பதுதான் மையம். ஆனால் குடியை விடாதீர்கள்: ஒரே நிறுவலில் பல வாடிக்கையாளர் இருப்பதை ‘மல்டி டெனன்சி’ என்கிறோம். அதற்கு ‘ஒண்டுக்குடித்தனம்’ என்றே வைக்கலாம். ஒரே குழாயடி, ஒரு வீட்டுக்காரர் அண்டா அண்டாவாகப் பிடித்தால் மற்றவர்களுக்குச் சொட்டுகிறது. அச்சு அசல் எங்கள் சர்வர்.

(ஒண்டுக்குடித்தனத்தைப் பதினோரு பேர் வழிமொழிந்தார்கள். கேட்டது அதையல்ல.)

யாழ்ப்பாணத்தவர், ரொறன்ரோ:

தம்பிமார், முந்தி அறுதியா வித்தவை. இப்ப விக்கிறேல்லை, பாவிக்க மட்டும் விடுகினம். வாடகை வீட்டை விட்டுப் போகேக்க சாமானை ஏத்திக்கொண்டு போகலாம். இதில எங்கட கணக்கு முழுக்க அவையின்ர வீட்டிலதானே கிடக்கு? அந்தப் பயமும் பெயரில தெரிய வேணும்.

வணிகவியல் ஆசிரியர், கோவில்பட்டி:

ஐயா, பயம் நியாயம்தான். அதைக் குறிப்பில் ஒரு பத்தியாக எழுதிவிடுகிறேன், பெயரில் ஏற்ற முடியாது. என் பாடத்துக்கு முக்கியமான இடம் வேறு. மொத்தமாக வாங்கினால் மூலதனச் செலவு. மாதாமாதம் கட்டினால் வருவாயினச் செலவு, அதாவது அன்றாட நடப்புச் செலவு. ஆலைக்காரர் இதற்கு மயங்கியது அதனால்தான். ஒரே நாளில் பெருந்தொகையை எடுத்துவைக்க வேண்டாம். இன்று புதன். ‘சேவைவழி மென்பொருள்’ என்று போடட்டுமா? மென்பொருள் நிலைமொழியிலிருந்து வருமொழிக்குப் போனதால் ரிப்பேர் குழப்பம் தீர்கிறது.

மொழிபெயர்ப்பாளர், கோவை:

சரி.

பொறியாளர், பெருங்குடி:

பரவாயில்லை. ‘செயலி’ என்று பிராசசருக்கு வைத்தோம், ஊர் அதை ஆப்புக்கு எடுத்துக்கொண்டது. இதை எதற்கு எடுத்துக்கொள்ளுமோ. ஆபீசில் சாஸ்தான்.

நெல்லைக்காரர்:

பெரும்பான்மைக்குத் தலைவணங்குகிறேன். குடிக்கூலியை விடவில்லை. நாலு பக்கத்தை இன்னும் யாரும் திறக்கவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

தமிழாசிரியர் (ஓய்வு), திருவையாறு:

அச்சுக்குப் போகுமுன் ஒன்று. ‘வழி’ என்பது இங்கே பெயரா, மூன்றாம் வேற்றுமைச் சொல்லுருபா? ‘சேவைவழி’யைச் சேர்த்து எழுதுவதா, பிரித்தா? நாளை விரிவாக எழுதுகிறேன்.

வணிகவியல் ஆசிரியர், கோவில்பட்டி:

ஐயா, சேர்த்தே அனுப்பிவிட்டேன்.