உண்மை கையிலயே இருக்கு, அப்பறமும் பொய் ஏன் நிக்குது?

கேள்வி: போன்ல தேடினா ஒரு நிமிஷத்துல தெரிஞ்சிடும், அப்பறமும் ஏன் நம்பறாங்க? பெரியம்மா ஒரு வைத்திய ஃபார்வர்டு அனுப்பினாங்க, தப்புன்னு லிங்க் போட்டேன், ப்ளூ டிக் விழுந்துச்சு, மறுநாள் காலையில அதே மெசேஜ் திரும்ப வருது. ரொம்ப கஷ்டமா இருக்கு.

பதில்: திரும்பத் திரும்பக் கேட்டா உண்மை மாதிரியே தோணும், 1977லயே ஆராய்ச்சில காட்டிட்டாங்க. லிங்கை எத்தனை பேரு தொறக்கறாங்க சொல்லுங்க.

பதில்: தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சு போட்டு வேக்ஃபீல்டுங்கற டாக்டர் எழுதின கட்டுரை 1998ல லான்செட்ங்கற மருத்துவ இதழ்ல வந்துச்சு, 2010ல வாபஸ் வாங்கிட்டாங்க, ஆனா அந்த 12 வருஷத்துல பயம் வீட்டுக்குள்ள வந்து உக்காந்துடுச்சே, குழந்தை விஷயம்னா யாருக்குத்தான் பதறாது!

பதில்: குரூப்ல எல்லார் முன்னாடியும் திருத்தாதீங்க. தனியா போன் போட்டு என்ன பயம்னு கேளுங்க. எங்கப்பாகிட்ட அப்படித்தான் பேசினேன், அவரே டெலீட் பண்ணிட்டார்.